‘போயிட்டாவ’ என்று சொன்னேன்

இரண்டு தாய்மார்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பெற்றவள். இன்னொருத்தி என் தம்பி செந்திலின் மாமியார், எனக்கு அத்தை முறை. தாராவியில் எங்கள் பழைய வீட்டின் மாடி அறை. மத்தியானம் மூன்று மணிதான் இருக்கும், மழை இருட்டுக்கு ட்யூப் லைட் போட்டிருந்தோம். கீழே பை தைக்கிற கார்கானாவில் மிஷின்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. என் காதில் போன்.

பேசியவர் ஆஸ்பத்திரியில் டூட்டி பார்க்கும் போலீஸ்காரர். இந்தியில் நான்கே நான்கு சொற்கள் சொன்னார். “உஸ்னே தம் தோட் தியா.” நான் “கோன்? கோன்?” என்று கத்துவதற்குள் லைன் போய்விட்டது.

உயிர் போய்விட்டது என்று அர்த்தம். யாருடைய உயிர் என்பது அந்த நான்கு சொற்களில் இல்லை.

அன்று காலை செந்திலும் அவன் மனைவி கலாவும் தேவ்நார் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு பார்க்க ஸ்கூட்டரில் போனார்கள். பின்னால் வந்த டம்பர் லாரி இடித்துவிட்டது. இரண்டு பேரையும் ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். செந்திலின் போனில் கடைசியாகப் பேசிய நம்பர் என்னுடையது என்பதால், எனக்குத்தான் முதல் தகவலும் வந்தது. என் வீட்டுக்காரர் அவருடைய ஆபீஸிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் இந்த இரண்டு அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு போக தாராவிக்கு வந்தேன். வந்த பிறகு ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஒரு வண்டி வரவில்லை.

“என்னட்டி சொல்லுதான்?” என்றாள் அம்மா.

இந்த இடத்தில் நிறுத்துகிறேன். திட்டாதீர்கள். இருபது வருஷமாக இதைச் செய்துதான் சோறு தின்கிறேன்.

சாவி ஏன் கீழே விழுகிறது

இந்தத் தொடரின் போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார். “இந்தி த்ரில்லர் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறீர்களே, எங்களை இப்படிப் பதற வைக்கிற சூட்சுமம் என்ன, கொஞ்சம் சொல்லுங்களேன்” என்று கேட்டிருந்தார். உங்களைப் பதற வைப்பது ஒன்றும் கஷ்டமில்லை அம்மணி. நீங்களே டிக்கெட் வாங்கிக்கொண்டு பதறத்தானே வருகிறீர்கள்?

சூட்சுமம் பெரிதாக ஒன்றுமில்லை. உங்களுக்கு எது வேண்டுமோ அதைக் கொடுக்காமல் இழுக்க வேண்டும். துரத்தப்படுகிற பெண்ணின் கையிலிருந்து சாவிக்கொத்து கீழே விழாத த்ரில்லர் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். விழும். குனிந்து எடுப்பாள். முதல் சாவி சேராது. இரண்டாவதும் சேராது. அந்த இடங்களில் வசனமே கிடையாது, வெறும் மூச்சுதான். ஆனாலும் அதையும் நான்தான் எழுத வேண்டும். ‘ஹா, ஹ்ஹா, கடவுளே, ஹா’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஒரு தடவை என் மகள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “மம்மி, ஆஸ்த்மாவா?” என்றாள்.

மறைத்து வைப்பது ஒரு வகை. கொலை செய்தது யார் என்று கடைசிவரை சொல்லாமல் உங்களை அலைக்கழிப்பது. இன்னொரு வகை, உங்களுக்கு மட்டும் சொல்லிவிடுவது. கட்டிலுக்கு அடியில் ஆள் படுத்திருக்கிறான் என்று உங்களுக்குக் காட்டிவிடுவோம். அதே கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பெண் நிதானமாகத் தலைவாரிக்கொண்டிருப்பாள். நீங்கள் திரையைப் பார்த்து, ‘ஐயோ, எந்திரிச்சு ஓடேன்’ என்று வாய்விட்டுச் சொல்வீர்கள். அவளுக்கு அது கேட்காது.

இரண்டாவது வகைதான் கொடூரமானது. ஸ்டுடியோவில் நாங்கள் அதைச் சிரித்துக்கொண்டே செய்வோம்.

பயமுறுத்தச் சத்தம் வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. தேவையே இல்லை. கொலை நடக்கிற வீட்டில் குக்கர் விசில் அடிக்க வேண்டும், பக்கத்து வீட்டு டிவியில் யாரோ சிரிக்க வேண்டும். உலகம் எதையும் கண்டுகொள்ளாமல் அதன் வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும். அதைவிடப் பயமுறுத்துவது வேறு கிடையாது.

மரியாதைக்குரிய கொலைகாரி

நான் எழுதிய முதல் த்ரில்லரிலேயே மாட்டிக்கொண்டேன். செம்பூரில் ஒரு துணிக்கடை மாடியில் இருந்தது எங்கள் டப்பிங் ஸ்டுடியோ. டப்பிங் டைரக்டர் மணி சார். மாட்டுங்காக்காரர், பூர்வீகம் பாலக்காடு. என் வயதுதான், ஆனால் பேச்சில் என்னைவிட முப்பது வயது மூத்தவர்.

படத்தில் ஒரு வாட்ச்மேனைக் கத்தியால் குத்திவிடுகிறார்கள். அவன் சாகும்போது இந்தியில் “உஸ்னே மாரா” என்கிறான். அவ்வளவுதான். ‘உஸ்னே’ என்றால் அவனாகவும் இருக்கலாம், அவளாகவும் இருக்கலாம். அந்த மாதிரி வாக்கியத்தில் வினையும் காட்டிக்கொடுக்காது. இந்திக்காரனுக்கு எவ்வளவு சௌகரியம் பாருங்கள். இரண்டு மணி நேரம் ஆணா பெண்ணா என்றே சொல்லாமல் ஓட்டிவிட்டான்.

தமிழில் அது நடக்குமா? ‘கொன்னுட்டான்’ என்றால் ஆண். ‘கொன்னுட்டா’ என்றால் பெண். நம் வாக்கியத்தில் எல்லாம் முடிந்து கடைசி எழுத்தில் ஆளே வந்து நின்றுவிடுவார். கொலை செய்தது கதாநாயகனின் அண்ணி. நான் யோசிக்காமல் ‘கொன்னுட்டா’ என்று எழுதிவிட்டேன். முதல் ரீல் இன்னும் முடியவில்லை.

மணி சார் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். “என்ன மேடம் இது? இன்டர்வெலுக்கு முன்னாலயே போட்டுக் குடுத்துட்டேளே! இனிமே ஜனங்க எதுக்கு உக்காந்து பாக்கணும்? எழுந்து ஆத்துக்குப் போயிடுவா.”

“அப்ப ‘கொன்னுட்டான்’னு வெச்சுடவா?”

“அது பச்சைப் பொய்யில்லையோ? கடைசில கல்லால அடிப்பா.”

அன்று சாயங்காலம்வரை சண்டை போட்டுவிட்டு ‘கொன்னுட்டாங்க’ என்று வைத்தேன். உதட்டசைவுக்கும் கிட்டத்தட்டப் பொருந்தியது. மரியாதைப் பன்மையில் ஆணும் தெரியாது, பெண்ணும் தெரியாது, ஒருத்தரா நாலு பேரா என்பதும் தெரியாது. மணி சார் அரை நிமிஷம் யோசித்துவிட்டு, “குத்துப்பட்டுச் சாகறச்சே கூட கொலைகாராளுக்கு மரியாதை குடுக்கறான் பாருங்கோ, நல்ல குடும்பத்துப் பையன்” என்றார். ரெக்கார்டிங் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து ஸ்டுடியோவில் எனக்கு ‘ங்க மேடம்’ என்று பெயர்.

அதற்குப் பிறகு எத்தனையோ படங்களில் அந்த ‘ங்க’ என்னைக் காப்பாற்றியிருக்கிறது. யோசிக்கவே வேண்டாம், கை தானாக எழுதும். பேனாவைவிட எனக்கு அந்த எழுத்துதான் பழக்கம் என்று பெருமையாகக்கூடச் சொல்லித் திரிந்தேன். என் திமிரை இப்போது நினைத்தால் எனக்கே அறைய வேண்டும்போல இருக்கிறது.

மூன்று விநாடி

“என்னட்டி சொல்லுதான்? வாயத் தொறயேன்” என்றாள் அம்மா மறுபடியும்.

அத்தை, வடாலாவிலிருந்து மழையில் நனைந்து வந்தவள், அம்மாவின் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் கண் மட்டும் என் மேல் இருந்தது.

எனக்கே தெரியாது. அதுதான் உண்மை. ‘ரெண்டு பேர்ல ஒருத்தர் போயாச்சு, யாருன்னு தெரியல’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி திரும்பிப் பார்த்திருப்பார்கள். உன் பிள்ளையா, என் பிள்ளையா என்கிற பார்வை. இருபது வருஷம் பார்வைகளுக்கு வசனம் எழுதியவள் நான். அந்த ஒரு பார்வையை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மூன்று விநாடியில் என் மனசு ‘தம்பியாக இருக்கக் கூடாது, தம்பியாக இருக்கக் கூடாது’ என்று கிடந்து அடித்துக்கொண்டது. தம்பி இல்லையென்றால் வேறு யார்? கணக்கு அவ்வளவுதானே. கலா செத்திருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். இதை இங்கே எழுதுவதற்குக்கூட எனக்குத் தைரியம் வந்த காரணம், கலா பம்பாயில் பிறந்து வளர்ந்தவள், அவளுக்குத் தமிழ் படிக்க வராது. கோழைத்தனம்தான். யாராவது அவளுக்குப் படித்துக் காட்டினால் காட்டட்டும்.

வாயைத் திறந்தேன். கை எழுதிப் பழகியது வாயில் வந்தது. ஸ்டுடியோவில் ‘ங்க’. எங்கள் தாராவி வீடுகளில் இன்னும் திருநெல்வேலிப் பேச்சுதான், அங்கே ‘வந்தாங்க’ என்பது ‘வந்தாவ’.

“போயிட்டாவளாம்” என்றேன்.

ஆணா பெண்ணா என்று தெரியாமல் மறைக்கிற சொல் என்று நினைத்துத்தான் சொன்னேன். வீட்டில் அது அப்படி இல்லையே! செந்தில் எனக்கு எட்டு வயது இளையவன். நான் தூக்கி வளர்த்தவன். என் வாயில் அவன் எப்போதும் ‘வந்தான், போனான்’. கலா அவனைவிடச் சின்னவள், அவள் ‘வந்தா, போனா’. அந்த இருவரில் ஒருவரை நான் மரியாதை போட்டுச் சொன்னது என்று ஒரு நாள்கூடக் கிடையாது. ‘வந்தாவ’ என்று நான் சொன்னால், இரண்டு பேரும் வந்தார்கள் என்று அர்த்தம்.

அம்மாக்களுக்கு என்ன கேட்டதென்று அவர்கள் அலறியபோதுதான் எனக்கு உறைத்தது.

“ஐயோ, ரெண்டு பேருமா? ஏ மைனி, ரெண்டு பிள்ளைகளையும் குடுத்துட்டமே!” அம்மா இருந்த இடத்திலிருந்து தரையில் தவழ்ந்தே அத்தையிடம் போனாள். எங்கள் ஊர்ப் பக்கம் சம்பந்திகள் ஒருத்தரையொருத்தர் மைனி என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தை அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஆடி ஆடி அழுதார்கள். அத்தை செந்தில் பெயரைச் சொல்லி அழுதாள். அம்மா கலா பெயரைச் சொல்லி அழுதாள். கீழே மிஷின் நிற்கவில்லை.

‘இல்ல, அப்பிடி இல்ல’ என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், ‘பின்ன எப்பிடி’ என்று கேட்பார்களே. போலீஸ்காரர் நம்பருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. வீட்டுக்காரருக்கு அடித்தேன், கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். கால் மணி நேரம் இருக்கும்.

எனக்கு மட்டும் தெரிந்தது

வீட்டுக்காரரே கூப்பிட்டார். தமிழில் பேசினார். அதனால் யார் என்பது மறைய வழியே இல்லை.

“செந்தில் போயிட்டான்மா. கலா இருக்கா. கால்லதான் அடி, ஆபரேஷனுக்குக் கொண்டு போறாங்க. நீ அவங்களப் பத்திரமாக் கூட்டிட்டு வா.”

போனை அமர்த்தினேன். என் தம்பி. எட்டு வயதில் என் இடுப்பு நோக நோக நான் தூக்கித் திரிந்த குழந்தை. அழுகை வரவில்லை. எதிரே இரண்டு பேர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள், அதில் ஒருத்தி உயிரோடு இருக்கிற மகளுக்காக அழுதுகொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

கட்டிலுக்கு அடியில் ஆள் இருக்கிறான், தலைவாருகிற பெண்ணுக்குத் தெரியாது என்று சிரித்துச் சிரித்து எழுதினேனே, அது இதுதான். பார்க்கிறவளாக நான் உட்கார்ந்திருந்தேன். சொல்லாத ஒவ்வொரு நிமிஷமும் அத்தையிடமிருந்து திருடுகிறேன். சொன்ன அடுத்த நிமிஷம் அம்மா தனியாகிவிடுவாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். என்னிடம் அதற்கு நேர்மையான கணக்கு இல்லை. அத்தையின் தொண்டை கட்டி, குரல் வராமல் வெறும் காற்றாக வந்தது. அதைக் கேட்டபோதுதான் பயந்துபோய்ச் சொன்னேன்.

“அத்தே. கலா இருக்கா.”

அத்தைக்குப் புரியவில்லை. “ஆங்?” என்றாள்.

“உயிரோட இருக்கா அத்தே. கால்லதான் அடி. தப்பா சொல்லிட்டேன்.”

இதில் நான் செய்த இன்னொரு பாவத்தைக் கவனியுங்கள். கலாவைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன். அம்மாவின் முகம் அப்படியே மாறியது. சிரிப்புக்குப் பக்கத்தில் போய்விட்ட முகம்.

“அப்போ செந்திலு? செந்திலும் இருக்கான்லாட்டி?”

படங்களில் இதற்கு நாங்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறோம். பொய் நிம்மதி. ஆபத்து போய்விட்டது என்று ஒரு நிமிஷம் நம்பவைத்துவிட்டு அதற்குப் பிறகு அடிப்பது. நிம்மதி எவ்வளவு பெரிதோ அடி அவ்வளவு பலமாக விழும். நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் அம்மாவுக்கு அவள் மகனை ஒரே மத்தியானத்தில் இரண்டு தடவை சாகடித்தவள் நான்தான்.

“இல்லம்மா” என்றேன்.

அத்தையின் இரண்டு கையும் அம்மாவின் முதுகில் இருந்தன. அவற்றை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படியே வைத்திருந்தாள், பிறகு மெதுவாக எடுத்தாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்து செருப்பைத் தேடினாள். “நான் நடந்தே போறேன். தண்ணியில நடந்துருவேன்” என்றாள். அம்மாவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள். நான் தடுக்கவில்லை. இரும்பு ஏணிப்படியில் அவள் தடதடவென்று இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. அந்த வயதில் அவ்வளவு வேகமாக அவள் இறங்கி நான் பார்த்ததில்லை.



வடாலாவுக்குக் கிளம்பிய அன்று

பிறகு அம்மாவை என்னோடு செம்பூருக்குக் கூட்டி வந்துவிட்டேன். கலா வடாலாவில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். இடது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள், விந்தி விந்தி நடக்கிறாள், கால் சென்டர் ஒன்றில் வேலைக்குப் போகிறாள். நான் மாதம் ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு வருவேன். “அக்கா, ஆப் க்யூன் ஆத்தே ஹோ இத்னி தூர்” என்று செல்லமாகக் கோபித்துக்கொள்வாள். இவ்வளவு தூரம் எதற்கு அலைகிறீர்கள் என்று கேட்கிறாள். அவள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மா மட்டும் வரமாட்டாள். அத்தையும் செம்பூர்ப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. இரண்டு பேருக்கும் சண்டை கிடையாது, ஒரு சுடுசொல் கிடையாது. முன்னெல்லாம் வாரத்துக்கு இரண்டு நாள் போனில் கருவாட்டுக் குழம்பு முதல் கார்ப்பரேஷன் தண்ணீர்வரை பேசித் தீர்ப்பவர்கள்.

எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. மகன் போய் மருமகள் பிழைத்தால் மாமியார்க்காரிக்கு மனசு கசக்கத்தான் செய்யும், அதை வெளியே சொல்ல முடியாமல் அம்மா மருகுகிறாள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். மற்றவர்கள் மனசுக்கு வசனம் எழுதுகிற கெட்ட பழக்கம் எங்கள் ஆட்களுக்கு உண்டு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வடாலாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“நீயும் வாயேன்மா” என்றேன்.

“நான் வரல. நீ போயிட்டு வா.”

“இன்னும் எத்தனை நாளைக்கும்மா? கலா என்ன செய்வா பாவம், அவ மேல உனக்கு ஏன் இவ்ளோ கோவம்?”

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். “அவ மேல எனக்கு என்னட்டி கோவம்? அந்தப் பிள்ள பொழச்சதே பெருசு. நல்லா இருக்கட்டும்.”

“அப்ப அத்தை மேலயா?”

“இல்லட்டி.” கீழே வைத்ததை மறுபடியும் கையில் எடுத்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், கீரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அன்னைக்கி ரெண்டு பேரும் போயிட்டாவன்னு நீ சொன்னேல்லா. அப்போ மைனி என்னய விடவே இல்ல. செந்திலு செந்திலுன்னு அவ எம்புட்டு அழுதா தெரியுமா? நான் பெத்தத அவளும் பெத்த மாரி அழுதா. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ஆளு இருந்துது. பொறவு நீ ‘கலா இருக்கா’ன்னே. அவ எந்திரிச்சிப் போயிட்டா. போகத்தான செய்வா, பெத்தவல்லா. நானா இருந்தாலும் ஓடத்தான் செய்வேன். ஆனா அதுக்குப் பொறவு, எம்மவன் எனக்கு மட்டுந்தான்ட்டி செத்தான்.”

நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்று வடாலாவுக்குப் போகவில்லை.